கருப்பு ஜெயித்த ஹோம் தியேட்டர்

எங்கள் அப்பா வெள்ளைத்துரைக்குக் கடைக்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை. விளம்பரத்தின் மேல் அறவே இல்லை. ஒரு பொருளை ஏற்கெனவே வாங்கி, வீட்டில் வைத்து, அதோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பவன் என்ன சொல்கிறான் என்பதில் மட்டும்தான் நம்பிக்கை. "விக்கிறவன் சொல்றதக் கேக்காத, வாங்குனவன் சொல்றதக் கேளு" என்பார். ஒரு மின்விசிறி வாங்குவதற்காக கே.கே. நகரில் எங்கள் தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்குள்ளும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர். சத்தமே வராது என்று விளம்பரத்தில் சொன்ன மிக்ஸி சத்தம் போட்டதற்காக, அரைத்த சட்னியோடு அதைக் கடைக்குத் தூக்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் மேல் காதல் வந்துவிட்டது. ரிசீவர் என்பது கறுப்பாக, கனமாக, முன்னால் ஒரு திருகும் பின்னால் ஏகப்பட்ட ஓட்டைகளும் உள்ள ஒரு பெட்டி. டி.வி.யில் ஓடும் படத்தின் சத்தத்தை வாங்கிப் பிரித்து, யார் யாருக்கு எது என்று ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிவயிற்றுச் சத்தத்துக்குத் தரையில் ஒரு வூஃபர். நடுவில் உட்கார்ந்தால், படத்தில் பெய்கிற மழை நம் தலையில் பெய்யும்.

அப்பா அதை வாங்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய அபிப்பிராயம் பூராவையும் படித்துவிட்டார். ஜெர்மனியில் யாரோ ஒருவர் வீட்டில் பின்பக்கத்து இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று படித்த அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் என் அக்கா அஸ்வினிக்குக் கீழக்குயில்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. சிவக்குமார். தோட்டம், பால்மாடு, சொந்தமாக ஒரு டிராக்டர். எல்லாம் பொருத்தம். அப்பாவுக்கு மட்டும் ஒரு திணறல். மாப்பிள்ளையை ஏற்கெனவே வாங்கி உபயோகித்தவர்கள் யாரும் இல்லை, யாரிடம் போய் விசாரிப்பது? கடைசியில் அம்மா போட்ட அதட்டலில் கல்யாணம் நடந்தது. ஆனாலும் அப்பா மச்சானை இன்னும் உத்தரவாதக் காலத்தில்தான் வைத்திருந்தார். சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்ப்பார். ஒரு சொல் பிசகினாலும் அந்தச் சட்னி மிக்ஸியின் கதிதான் என்பது மச்சானுக்கும் தெரியும்.

போன மாதம் அக்காவும் மச்சானும் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா அந்த ரிசீவரைப் பற்றி ஆரம்பித்தார். மச்சானுக்கு உண்ட களைப்பு. வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினவர், மரியாதைக்கு எதையாவது சொல்லவேண்டுமே என்று சொல்லிவிட்டார்.

"அந்த மாடல்தான மாமா? நம்ம வீட்லயே இருக்கே. சத்தம் சுத்திச் சுத்தி வரும்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் ஒருவரை அவர் உயிரோடு பார்ப்பது அதுவே முதல் தடவை. அதுவும் சொந்த மருமகன்.

"ஞாயித்துக்கெழம வாரேன் மாப்ளை" என்றார். "உக்காந்து கேட்டுட்டு, உங்க அபிப்பிராயத்தையும் வாங்கிட்டு வந்துடுறேன்."

அன்று சாயங்காலமே மச்சான் எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, மாமாவ வரவிடாமப் பண்ண முடியுமா?"

"ஏன் மச்சான், ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. அருமையான செட்டு. ஆனா அது எங்க வீட்ல முழுசா இல்ல."

விஷயம் இதுதான். ரிசீவரை மச்சான் வாங்கவில்லை. பரிசாக வந்தது. அதுவும் மச்சானுக்கு வரவில்லை. கருப்புக்கு வந்தது. கருப்பு அவர்கள் வீட்டுக் காளை. தைமாதம் பக்கத்து ஊர் வாடிவாசலில் யார் கைக்கும் சிக்காமல் வெளியே வந்து, திரும்பி நின்று, ஆள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மைக்கில் இருந்தவர் உணர்ச்சிவசப்பட்டு, "மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர்" என்று அறிவித்துவிட்டார்.

கருப்பு ஒரு வீட்டு மாடு இல்லை. பங்காளி மாடு. ஆறு வீட்டுப் பங்காளிகள் முறை வைத்துப் பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு வளர்க்கிறார்கள். அதனால் கருப்பு ஜெயித்து வருவது எதுவும் ஆறு பங்கு. போன வருசம் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி ஜெயித்தது, வீட்டுக்கு ஒன்று. அதற்கு முந்தின வருசம் ஒரு கட்டில் ஜெயித்துவிட்டதில் மனக்கசப்பாகி, கடைசியில் கட்டிலைக் கருப்பின் தொழுவத்திலேயே போட்டுவிட்டார்கள். இந்தத் தடவை பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர். ஆறு பெட்டி, ஆறு வீடு. குடும்பத்துக்கே மூத்தவரான நல்லகாமன் பெரியப்பா சாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பங்கு பிரித்துவிட்டார்.

முறைப்படிதான் பிரித்தார். அட்டைப்பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தில் நடுவில் இருக்கிற ஸ்பீக்கர் மூத்தவர் என்ற முறையில் அவருக்கு. ரிசீவரும் அவர் வீட்டு டி.வி.க்குக் கீழே. அதற்கு இடமும் வலமும் உள்ள இரண்டும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கு. அடுத்த தலைமுறைக்குப் பின்பக்கத்துப் பெட்டிகள். ஒன்று முனீஸ்வரி அக்கா வீட்டுக்கு. அவர் புருசன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். இன்னொன்று மச்சானுக்கு. வூஃபர் சங்கிலி அண்ணனுக்கு. வீட்டுக்கு வீடு கூரைமேல் ஒயர் இழுத்து, அதில் இப்போது துணியும் காயப்போடுகிறார்கள்.

"அப்ப எல்லார்ட்டயும் ஒருநாளைக்கு இரவல் வாங்கி உங்க வீட்ல வச்சுருங்க மச்சான்."

"கேட்டேனே. பெரியப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'கெடா வெட்டிப் பங்கு போட்ட கறிய, விருந்தாளி வந்துட்டான்னு எவனாச்சும் திருப்பிக் கேப்பானா? பிரிச்ச பங்கு வாசத் தாண்டக் கூடாது. தாண்டுனா வீட்டுக்கு ஆகாது'ன்னுட்டாரு." பிறகு குரலை இறக்கினார். "மாமா வந்து பாத்தா எங்க வீட்ல ஒத்தப் பொட்டி. அதுவும் எப்பயாச்சும்தான் பேசும். மாமா கண்ணுல நான் புளுகன் ஆயிருவேன் மாப்ள. அதுக்கப்பறம் நான் டிராக்டர் இருக்குன்னு சொன்னாக்கூட வந்து எண்ணிப் பாப்பாரு."

நான் அப்பாவிடம் மழை வரும் என்றேன், வயிறு சரியில்லை என்றேன், எனக்குப் பரீட்சை என்றுகூடச் சொன்னேன். மூன்றையும் அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதை அவர் எப்போதுமே பொருட்படுத்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறிக்கொண்டார். சமணமலை தாண்டி ஊருக்குள் நுழைந்து, அந்த ஆறு வீடுகளும் தொழுவத்தைச் சுற்றி வட்டம் கட்டி நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். நல்லகாமன் பெரியப்பா வாசலுக்கே வந்து கும்பிட்டார்.

"வாங்க சம்பந்தி. நம்ம செட்டப் பத்திக் கேக்க வந்தீங்களாம்ல? கேளுங்க, கேளுங்க. தப்பா ஒரு வார்த்த சொல்றதுக்கில்ல."

மச்சான் வேர்த்துப்போய் அவர் பின்னால் நின்றார். "மாமா, மொதல்ல மோர் குடிங்க" என்றார். அப்பா மோரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பெரியப்பா வீட்டுக்குள் போனார். டி.வி.யில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. டி.வி. ஆறு வீட்டுக்கும் இது ஒன்றுதான் என்று சொல்லவேண்டும். தத்தம் வீட்டில் டி.வி. இருந்தாலும் பங்கு ஸ்பீக்கரில் வருவது பெரியப்பா பார்க்கிற படத்தின் சத்தம்தான்.

ரிசீவரைப் பார்த்ததும் அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"உங்க அபிப்பிராயம் என்ன சம்பந்தி?"

"மரியாதையான செட்டு" என்றார் பெரியப்பா. "ஆளு பேசுறது மட்டுந்தான் வரும். பாட்டு, கூத்து, வெடிச் சத்தம் ஒண்ணும் கெடையாது. சண்டைன்னா அடி விழுற சத்தம் கேக்காது, 'ஐயோ அம்மா'ன்றது மட்டும் கேக்கும். நமக்கு வேண்டியது அம்புட்டுத்தான?"

அப்பா நெற்றியைச் சுருக்கினார். இணையத்தில் யாரும் இப்படி எழுதியிருக்கவில்லை.

அடுத்த வீட்டில் பெரியப்பாவின் மூத்த தம்பி அதற்கு நேர்மாறாகச் சொன்னார். "பாட்டு அள்ளும். ஒரே ஒரு கொற. எங்க வீட்ல கெளம்புற காரு பூரா தம்பி வீட்டுக்குப் போயிருது. போனது போனதுதான். இதுவரைக்கும் ஒண்ணு திரும்பல." சின்னத் தம்பியோ தன் வீட்டு வாசலில் நின்றபடி, "இங்கிட்டு எம்புட்டு வருதோ அம்புட்டும் வச்சுக்கிறேன் சம்பந்தி, எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார்.

அப்பா திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் தொழுவத்துக் கூரையைப் பார்த்தார்.

சங்கிலி அண்ணன் வீட்டில் ஒரு பேச்சும் கிடையாது. உள்ளே போனதும் அப்பாவின் கையில் இருந்த மோர் தம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பியது.

"படத்த நாங்க காதால கேக்குறதில்ல மாமா, நெஞ்சால கேக்குறோம்" என்றார் சங்கிலி அண்ணன். "வீட்ல ஒரு எலி கெடையாது. போன வாரம் சண்ட ஓடுறப்ப அலமாரில இருந்த சாமி படம் ஆடுச்சு. எம் பொண்டாட்டி சாமி வந்துருச்சுன்னு சூடம் ஏத்திட்டா. நான் மறுத்துப் பேசல. இம்புட்டுப் பவர்ல எது சாமி, எது செட்டுன்னு யாரு கண்டா?"

முனீஸ்வரி அக்கா வீட்டில் முழு அமைதி. ஸ்பீக்கருக்குப் பூ வைத்திருந்தார்.

"ரொம்ப அடக்கமான செட்டு சித்தப்பா" என்றார். "ஒரு தொந்தரவு இல்ல. அதுபாட்டுக்குக் கம்முனு இருக்கும். திடீர்னு மழ பேயும். மொதல்ல தெரியாம துணி எடுக்க ஓடுனேன். இப்ப வெளிய எட்டிப் பாத்துட்டுத்தான் ஓடுறது. அவரு திருப்பூர்ல இருக்காரா, தனியா இருக்கோமேங்கிற நெனப்பு வாரப்ப யாரோ நாலு பேரு பின்னாடி நடந்து போற சத்தம் கேக்கும். ஒரு தொணைதான்."

அப்பா அந்த வீட்டுப் படியிலேயே நின்றுவிட்டார். ஐந்து பேரிடம் அபிப்பிராயம் வாங்கியாயிற்று. ஐந்து பேரும் வாயாரப் புகழ்ந்தார்கள். ஐந்தும் ஐந்து வேறு சாமான்கள். அவர் முகத்தில் மெல்ல மெல்லக் கணக்கு சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைமேல் ஓடும் ஒயரை அண்ணாந்து பார்த்தார். ஒயரில் தொங்கிய பாவாடையைப் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஏன் மாப்ளை, உங்க வீட்ல இருக்குன்னு சொன்னது, இதுல ஆறாவது பொட்டியத்தானா?"

"ஆமா மாமா."

"சுத்திச் சுத்திச் சத்தம் வரும்னீங்க."

"வரும் மாமா. சுத்தித்தான் வருது. ஆனா…" மச்சான் ஆறு வீட்டையும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

அப்பா மோர்த் தம்ளரை என்னிடம் கொடுத்தார். "கெளம்பு குமரா" என்றார். அந்த இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். சட்னியோடு மிக்ஸியைத் தூக்கியபோதும் அதே குரல்தான்.

அக்கா அதுவரை தொழுவத்தில் நின்று கருப்புக்குத் தின்னச் சோளநாத்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம் மச்சான் வீட்டு முறை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அப்பா, அஞ்சு வீட்டுக்குப் போனீங்களே, கேக்குற எடத்துக்கு வந்தீங்களா?"

"எந்த எடம்?"

"இங்க வாங்க. கட்டில்ல உக்காருங்க. கருப்பு ஒண்ணும் செய்யாது, நான் நிக்கிறேன்ல?"

அப்பா தயங்கினார். கருப்பு அவரைப் பார்த்த பார்வையிலும் வரவேற்பு ஒன்றும் இல்லை. அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே பெரியப்பாவிடம் திரும்பினாள்.

"மாமா, பொட்டி வாசத் தாண்டக் கூடாது, சரி. அவங்கவங்க வீட்டு ஜன்னல்ல தூக்கி வச்சு, தொழுவத்தப் பாத்துத் திருப்பி வைக்கலாமா?"

பெரியப்பா யோசித்தார். ஐந்து வீட்டு வாசலிலும் ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர்நீதிமன்றத்துக் கிளையில்கூட ஒரு தீர்ப்புக்கு இவ்வளவு அமைதி இருக்குமா என்று தெரியவில்லை.

"ஜன்னலு வாசல்ல சேராது" என்றார் கடைசியில்.

அதன் பிறகு நடந்த ஓட்டத்தைச் சொல்லி முடியாது. முனீஸ்வரி அக்கா பூவோடு ஸ்பீக்கரைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். தம்பிகள் இரண்டு பேரும் யார் பெட்டி அதிகம் வெளியே நீட்டுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலி அண்ணன் வூஃபரை ஜன்னலில் வைக்க முடியாமல், "இது தரையில இருந்தாலும் ஊருக்கே கேக்கும்" என்று கதவை மட்டும் திறந்துவிட்டார். மச்சான் தன் பெட்டியை ஜன்னல் கம்பியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா தன் வீட்டு டி.வி.யை வாசலைப் பார்க்கத் திருப்பினார். தொழுவத்திலிருந்து அது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. படத்தை மாற்றி, ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டினார்.

முதலில் ஒரு ரயில் வந்தது.

மூத்த தம்பி வீட்டில் புறப்பட்டது. பெரியப்பா வீட்டுக்கு முன்னால் கடந்தது. சின்னத் தம்பி வீட்டுக்குள் போய் மறைந்தது. சங்கிலி அண்ணன் வீட்டிலிருந்து வந்த அதிர்வில் கட்டில் நடுங்கியது. ரயில் போன திசையில் கருப்பின் தலை, கொம்போடு சேர்ந்து, இடமிருந்து வலமாகத் திரும்பியது. ரயில் போய் முடிந்த பிறகும் அந்தப் பக்கமே ஒரு கணம் பார்த்துவிட்டு அசை போடத் தொடங்கியது.

அப்பா காளையைப் பார்த்தார். ஜெர்மனிக்காரர் உட்பட யாரும் எழுதாத அபிப்பிராயம் அது. பணம் கொடுத்து எழுதச் சொன்னதும் இல்லை.

பிறகு மழை. முனீஸ்வரி அக்கா ஜன்னலிலும் மச்சான் ஜன்னலிலுமாக முதுகுப் பக்கம் தூறி, கூரை முழுவதும் பரவி, நடுவில் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கை தானாகத் தலைக்குப் போய், நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. நானும் நல்ல வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் குளிர்ந்தது. கே.கே. நகரில் எந்த வீட்டு ஹாலிலும் இந்தப் பெட்டியை இவ்வளவு தள்ளித் தள்ளி வைக்க இடம் கிடையாது. சத்தத்துக்கு நடுவே காற்று வீச ஒரு தொழுவமும் கிடையாது.

காட்சி முடிந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். மச்சான் ஜன்னலுக்குப் பின்னால் தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"மாப்ளை" என்றார் அப்பா.

"மாமா."

"சுத்திச் சுத்தி வரும்னு சொன்னீங்க. நெசந்தான். வீட்ல இருக்குன்னு சொன்னதுதான் கொஞ்சம் கொறச்சுச் சொல்லிட்டீங்க."

மச்சான் முகத்தைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார். அக்கா சிரிக்காமல் இருக்கக் கருப்பின் காதுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

அப்பாவுக்கு இப்போது வேறு ஆசை வந்துவிட்டது. "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க" என்று பெரியப்பாவிடம் ஆரம்பித்தார். "மாட்டுக்கு நானும் ஒரு மாசத்துக்குப் பருத்திக்கொட்ட வாங்கித் தாரேன். இதுல எனக்கும் ஒரு பங்கு…"

"அது முடியாது சம்பந்தி" என்றார் பெரியப்பா. கோபமில்லை, இரக்கம்தான். "நீங்க பொண்ணு குடுத்தவுக. எத்தன மூட்ட பருத்திக்கொட்ட குடுத்தாலும் பங்காளி ஆக முடியாது." தொழுவத்தையும் கட்டிலையும் பார்த்தார். தான் சொல்லப் போவது அவருக்கே அப்போதுதான் தோன்றியது போலிருந்தது. "பங்காளிக்கு அவனவன் வீட்டுப் பொட்டி மட்டுந்தான். நடுவுல உக்காந்து பூராவும் கேக்குற எடம் சம்பந்திக்குத்தான் பொருந்தும். பங்கே இல்லாதவன் உக்காந்தாத்தான அங்க சண்ட வராது?"

அதைக் கேட்டு அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். தை மாதத்திலிருந்து வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்த பெட்டி.

சங்கிலி அண்ணன்தான் வாசலிலிருந்து கேட்டார். "பெரியப்பா, அப்ப நாங்க யாரும் ஒருதடவகூட அங்க உக்காந்து கேக்க முடியாதா?"

"நீ உக்காரக் கூடாது. ஒம் பொண்டாட்டி உக்காரலாம். அவ சம்பந்தி வீட்டுப் பொண்ணு."

பெண்கள் இரண்டாவது தடவை சொல்லக் காத்திருக்கவில்லை. முனீஸ்வரி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். சங்கிலி அண்ணனின் மனைவி வந்தார். பெரியப்பாவின் மனைவியும் அவர் தம்பிகளின் மனைவிமாரும் வந்து, வைக்கோலை இழுத்துப் போட்டுக் கருப்புக்கு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பெரியம்மா அப்பாவைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றார். அப்பா கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டார்.

"மாமா, மறுபடியும் அந்த மழையப் போடுங்க" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

பெரியப்பா ரிமோட்டோடு உள்ளே போனார். அவர் வாசலைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார். முனீஸ்வரி அக்கா வீடு தவிர மற்ற வீடுகளில் ஒவ்வோர் ஆண், ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்தில்.

"மாப்ளை," என்று அப்பா கையை உயர்த்தினார், "உங்க பொட்டிய ஒரு நூல் இங்கிட்டுத் திருப்புங்க. ம்… இன்னும் கொஞ்சம்… அம்புட்டுத்தான். அப்படியே பிடிச்சுக்கங்க."

மச்சான் பிடித்துக்கொண்டார். படம் முடிகிறவரை கையை எடுக்கவே இல்லை.